பாரீஸ் வரை போன மேய்க்கால்

நகரத் திட்டமிடல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. இன்ஜினீயரிங், மெடிக்கல், சி.ஏ. என்று ஓடிக்கொண்டிருக்கும் நம் ஊரில் இதற்குப் பெரிய கூட்டம் கிடையாது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் இரண்டு வருட முதுகலையாகச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் தெரு எத்தனை அடி அகலம் இருக்கணும், மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகணும், உங்கள் வீட்டுக்குப் பின்னால் வரப்போவது பூங்காவா பாய்லரா என்பதையெல்லாம் யோசிக்க வேண்டியவர்கள் இந்தப் படிப்பு படித்தவர்கள்தான்.

இவர்கள் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாநில நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட திட்டமிடல் அதிகாரிகள் தேவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களோ 4,000கூட இல்லை. அதிலும் பாதி காலி. நாட்டில் உள்ள நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவிகிதத்துக்கு முழுமைத் திட்டம் என்பதே கிடையாது. அடுத்த வருடம் 2022 பட்ஜெட்டில் நிதி அமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார். ஐந்து கல்வி நிறுவனங்களை நகரத் திட்டமிடலுக்கான உயர் மையங்களாக்குவோம், ஒவ்வொன்றுக்கும் 250 கோடி ரூபாய், பாடத்திட்டங்களை மேம்படுத்துவோம் என்றார்.

நல்ல விஷயம்தான். ஆனால் மேம்படுத்துவது என்றால் என்ன? இப்போது எந்தத் திட்டமிடல் பாடத்திட்டத்தைப் புரட்டினாலும் ஒரு மூலையில் ‘மக்கள் பங்கேற்பு’, ‘கூட்டுத் திட்டமிடல்’ என்று ஓர் அத்தியாயம் எட்டிப்பார்க்கும். அளவுச் சாப்பாட்டில் வைக்கிற கூட்டு மாதிரி. இலையில் ஓரமாக இருக்கும், ஆனால் அதற்காக யாரும் டோக்கன் வாங்குவதில்லை. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைச் சொல்லித் தருவார்கள். மக்கள் பங்கேற்பு என்பது எட்டுப் படி உள்ள ஏணி. கீழ்ப் படியில் மக்களை ஏய்ப்பது, நடுப் படிகளில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, மேல் படியில் மக்கள் கையிலேயே அதிகாரம். மாணவர்கள் ஏணியைப் படமாக வரைந்து, எட்டுப் படிக்கும் பெயர் எழுதி, மார்க் வாங்கிவிடுவார்கள்.

நான் சொல்கிறேன், இந்தப் பேப்பரைக் கிண்டியில் நடத்தவே கூடாது. கும்மிடிப்பூண்டியில் நடத்த வேண்டும்.

ஏன் கும்மிடிப்பூண்டி? சென்ட்ரல் பக்கத்திலிருந்து லோக்கல் ரயில் ஏறிப் போகலாம். இன்னும் கொஞ்சம் தாண்டினால் ஆந்திரா. பழைய இரும்பை உருக்கும் ஆலைகளும் இன்னும் பல தொழிற்சாலைகளும் உள்ள சிப்காட் வளாகம் அங்கே இருக்கிறது. துவைத்துக் காயப்போட்ட துணியில் கரி படிகிறது என்பது ஊர்க்காரர்களின் பழைய புகார். அந்த வட்டாரத்திலேயே தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட். மாநல்லூரில் மின்சார வாகனங்களுக்கென்று ஒரு தொழிற்பூங்கா. சென்னை - பெங்களூரு தொழில் வழித்தடத்தில் பொன்னேரியை ஒரு முனையமாக வைத்து ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் 2015ல் திட்டம் தீட்டிக் கொடுத்தது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரின் எல்லையே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக ஊதியது. திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை மாவட்டங்களின் 1,225 கிராமங்கள் ஒரே அரசாணையில் பெருநகரமாகிவிட்டன. மீஞ்சூர், திருவள்ளூர், திருமழிசை என்று புது நகரத் திட்டங்கள் வேறு. திட்டங்களுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. அதில் வாழ்கிறவர்களிடம் கேட்டுப் போட்ட திட்டம் எது என்று கேட்டால்தான் பஞ்சம்.

தேர்வாய் கதையைச் சொன்னால் புரியும். இதை நான் முதல் பாடமாக வைப்பேன்.

தேர்வாய் கண்டிகை பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் கிராமம். ஊரை ஒட்டி சுமார் 1,127 ஏக்கர் நிலம். அரசாங்கப் பதிவேட்டில் அது புறம்போக்கு. ஊர்க்காரர்கள் கணக்கில் அது காடு. ஆடு மாடு மேய்க்க, விறகு பொறுக்க, பழம் பறிக்க, மூலிகை எடுக்க அதுதான். மழை பெய்தால் ஏரிகளுக்குத் தண்ணி இறங்கி வருவதும் அங்கிருந்துதான். 2007ல் அந்த நிலம் சிப்காட்டுக்கு ஒதுக்கப்பட்டது. மக்கள் எதிர்த்துப் போராடினார்கள், மரங்கள் வெட்டப்பட்டன. 2009ல் பிரான்ஸின் மிஷெலின் டயர் கம்பெனி தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 4,000 கோடி ரூபாய் முதலீடு, வேலைவாய்ப்பு என்று பேப்பரெல்லாம் கொண்டாடியது.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். 2012 ஜூலையில் தேர்வாய் ஊர்ச் சங்கமும் தமிழ்நாட்டு நில உரிமை அமைப்பு ஒன்றும், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனங்கள், அந்த ஊர்த் தொழிற்சங்கம் ஒன்றோடு சேர்ந்து பாரீஸில் புகார் கொடுத்தன. பாரிமுனையை நம் வாய் பாரீஸ் கார்னர் என்கிறதே, அந்தப் பாரீஸ் இல்லை. நிஜப் பாரீஸ். பன்னாட்டுக் கம்பெனிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு வகுத்த விதிகள் உண்டு. அதைக் கவனிக்க அங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. அதில்தான் புகார். விசாரணை 2013 செப்டம்பர் வரை போயிற்று. கம்பெனி விதியை மீறவில்லை என்றார்கள். ஆனால் மனித உரிமை, சுற்றுச்சூழல் தாக்கங்களைச் சரியாக ஆய்வு செய்யுங்கள் என்று பரிந்துரையும் செய்தார்கள். புகார் கொடுத்தவர்கள் அதிருப்தியோடு விலகிக்கொண்டார்கள்.

தீர்ப்பு சரியா தப்பா என்பதை விடுங்கள். ஆடு மேய்க்கிற நிலம் பற்றிப் பேச ஒரு கிராமத்துக் குரல் பாரீஸ் வரை போக வேண்டியிருந்தது. தேர்வாயிலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். பாரீஸ் சுமார் 8,000 கிலோமீட்டர். எது பக்கம்?

கதை அதோடும் முடியவில்லை. அதே ஊரில்தான், கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துச் சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்தாவது நீர்த்தேக்கம் கட்டினார்கள். 380 கோடி ரூபாய். 500 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2020 நவம்பர் 21 அன்று திறந்தார்கள். அதாவது ஒரு துறை ஏரிக்கு மேலே இருந்த மேய்ச்சல் காட்டைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறது. இன்னொரு துறை கீழே இருக்கும் ஏரியைச் சென்னைக்குக் குடிக்கக் கொடுக்கிறது. மேட்டில் என்ன நடந்தாலும் தண்ணி பள்ளத்துக்குத்தான் வரும் என்பது மாடு மேய்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும். இந்த இரண்டு துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு வரைபடத்தைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அண்ணா நகரில் உட்கார்ந்து குழாயைத் திறக்கிற நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அது உங்கள் தண்ணி.

சரி, பாடத்திட்டத்துக்கு வருவோம். முதல் செமஸ்டரில் கம்ப்யூட்டரில் கலர் கலராக வரைபடம் போடச் சொல்லித் தரக் கூடாது. அ-பதிவேடு, அடங்கல், சிட்டா, புல வரைபடம், இதையெல்லாம் வி.ஏ.ஓ. ஆபீஸில் உட்கார்ந்து படிக்கத் தெரியணும். நத்தம், மந்தைவெளி, மேய்க்கால், களம், வண்டிப்பாதை, ஏரி உள்வாய் என்று நம் நிலத்துக்கு எத்தனை பெயர்! ஒவ்வொரு பெயரும் ஒரு பழைய ஒப்பந்தம். இது எல்லாருக்கும் பொது, இதில் யாரும் வீடு கட்டாதே என்று ஊர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். இவ்வளவையும் சேர்த்துப் புறம்போக்கு என்று ஒரே கட்டத்தில் போட்டோம். பிறகு அந்தச் சொல்லையே வசவாக்கிவிட்டோம். எண்ணூர்க் கழிமுகத்துக்காக டி.எம். கிருஷ்ணா 2017ல் பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ யூட்யூபில் லட்சக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. வகுப்பறைக்குள் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

இரண்டாவது, பழவேற்காடு. அங்கே மீனவர்களிடம் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல இடம், சுமாரான இடம் என்று இருக்குமில்லையா? எந்த முறை யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி, சுற்று வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்றைக்கு உனக்கு நல்ல இடம், அடுத்த முறை எனக்கு. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து தீசிஸ் எழுதிவிட்டுப் போன விஷயம் இது. லண்டனில் அச்சான ‘கூட்டுத் திட்டமிடல்’ புத்தகத்தை வரவழைத்துப் படிப்பவர்கள், ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் இதைப் பார்க்கலாம்.

ஆனால் இங்கேதான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். கிராமம் என்றாலே தெய்வம், மீனவர் சொன்னால் வேதம் என்று உருகுகிற என்.ஜி.ஓ. பாணியும் எனக்கு ஒத்துவராது. அந்தப் பாடு முறையில் குறிப்பிட்ட சமூகத்து, குறிப்பிட்ட ஊர்களின் ஆண்களுக்குத்தான் இடம். மற்ற சாதிக்காரர்கள் வலை போட வந்தபோது தகராறு வந்திருக்கிறது. கையாலேயே இறால் பிடிக்கும் பெண்களுக்குச் சீட்டில் பெயர் கிடையாது. ஊர்க் கூட்டம் என்றால் யார் நாற்காலியில், யார் தரையில், யார் வாசலுக்கு வெளியே என்பது நமக்குத் தெரியாததா? ‘எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம்’ என்று ஒரு பெரிய மனுஷன் சொன்னால், அந்த ‘எல்லாரும்’ யார் என்று துருவிக் கேட்கிற தைரியத்தைத்தான் பல்கலைக்கழகம் சொல்லித் தர வேண்டும். மூன்றாவது செமஸ்டர் முழுக்க அதுதான் பாடம். ஒரு கூட்டம் நடத்துவது எப்படி? காலனிக்காரர் முன்வரிசையில் உட்காரும்படி, ஷிஃப்ட் முடிந்தவர் வரும்படி, கைக்குழந்தையோடு ஒரு அம்மா பேசும்படி கூட்டம் நடத்துவது எப்படி? ராக்கெட் விடுவது இதைவிட சுலபமாக இருக்கலாம்.

கும்மிடிப்பூண்டியில் அந்த ‘எல்லாரும்’ இன்னும் சிக்கல். எல்லை ஊர் என்பதால் தெலுங்கு வீடுகள் நிறைய. ஈழத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. முப்பது வருடத்துக்கு மேலாகப் புகையைச் சுவாசித்தாலும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆலைகளில் ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசத் தொழிலாளிகள். அவர்களுடைய ஓட்டு பெரும்பாலும் சொந்த ஊரில். கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களுக்கு. ஆக, உலைக்கு மிக அருகில் நிற்பவனுக்கும், புகைபோக்கிக்குக் கீழே தூங்குபவனுக்கும் அந்த ஊர் எப்படி இருக்கணும் என்று சொல்ல ஒரு மேடையும் இல்லை. ஆங்கிலத்தில் தீசிஸ் எழுதும் மாணவர் இந்த ஊருக்கு வந்தால் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா நான்கிலும் ஒரு வரைபடத்தை விளக்க ஏற்பாடு செய்தாக வேண்டும். முடியாதா? அப்படியானால் அந்த வரைபடத்தில் கையெழுத்து போடாதீர்கள்.

மொழி சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளைத் திருத்த மத்திய அரசு ஒரு வரைவு போட்டது. நாடு முழுக்கக் கருத்து கேட்டார்கள். எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். 22 மொழிகளில் மொழிபெயர்த்துப் போடுங்கள் என்று 2020 ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

“அதான் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துறாங்களே சார், போய்ப் பேச வேண்டியதுதானே?” என்று ஒரு கேள்வி வரும். 2006ம் வருட விதிப்படி அது எப்படி நடக்கிறது தெரியுமா? 30 நாள் நோட்டீஸ். கலெக்டரோ அவர் சார்பில் ஒரு அதிகாரியோ தலைமை. பேசுவதை எழுதிக்கொள்வார்கள், வீடியோ எடுப்பார்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. ஓட்டெடுப்பு கிடையாது. ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் அது ‘பதிவு செய்யப்பட்டது’. இன்னொரு சங்கதி. ஒரு தொழிற்பூங்கா மொத்தமாக ஒரு தடவை அனுமதி வாங்கிவிட்டால், உள்ளே வரும் ஆலைகளுக்குத் தனித்தனியாகக் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை. என்ன ஆலை வரும் என்றே தெரியாதபோது உங்களிடம் கருத்து கேட்பார்கள். தெரிந்த பிறகு கேட்க மாட்டார்கள். பொண்ணு பார்க்க வந்துவிட்டு மாப்பிள்ளை யாரென்று தாலி கட்டும்போது சொல்கிற மாதிரி.

அந்தக் கூட்டமாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால், காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று கூட்டம் என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், மறுபடியும் தள்ளிவைத்தார்கள். 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்கும் திட்டம் அது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டதை நீங்களே டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

இதில் கட்சி வித்தியாசம் எல்லாம் கிடையாது. தேர்வாய் நிலம் ஓர் ஆட்சியில் போயிற்று, நீர்த்தேக்கம் இன்னோர் ஆட்சியில் திறந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறி ஊரே கொந்தளித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை வாபஸ் வாங்கினார்கள். அதே நாளில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று இன்னொன்று விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத ‘சிறப்புத் திட்டம்’ என்றால் நடுவில் இருக்கும் ஏரி, ஓடை, வாய்க்காலோடு சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. அதைக் கவனித்தவர்கள் ரொம்பக் குறைவு.

“மக்களைக் கேட்டால் ஒரு தொழிற்சாலையும் வராது. வேலை யார் கொடுப்பது?” இது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. சிப்காட் வந்ததால் பிழைத்த குடும்பங்கள் கும்மிடிப்பூண்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு மேய்க்கால் நிலம் சோறு போடாது, தெரியும். ஆனால் மக்களைக் கேட்டால் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள் என்று யார் முடிவு செய்தது? எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, தண்ணி எங்கிருந்து எடுப்பது, ஊர்ப் பையனுக்கு நிரந்தர வேலையா கான்ட்ராக்ட்டா, இதையெல்லாம் முன்கூட்டிப் பேசியிருந்தால் பாதி வழக்குகள் கோர்ட்டுக்கே போயிருக்காது. கேரளத்தில் 1996ல் மக்கள் திட்ட இயக்கம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் 35 சதவிகிதத்துக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கே கொடுத்தார்கள். குறைகள் ஆயிரம் இருக்கலாம். வானம் இடிந்து விழவில்லை.

இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. பேட்ரிக் கெடஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். தாவரவியல் படித்தவர், நகரங்களைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். 1914ல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் அவரை இங்கே அழைத்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? நம்ம எம்டன்! சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன். மனுஷன் அசரவில்லை. மறுபடி படங்கள் சேர்த்து 1915ல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, காஞ்சிபுரம் என்று தெருத் தெருவாக நடந்தார். முதலில் ஊரைப் பார், அப்புறம் பென்சிலை எடு என்பதுதான் அவர் கட்சி. சில வருடம் கழித்து இந்தூரில் பிளேக் நோயை விரட்டத் திருவிழா ஊர்வலம் ஏற்பாடு செய்தார். எந்தத் தெருக்காரர்கள் வீடுகளை நன்றாகச் சுத்தம் செய்கிறார்களோ, அந்த வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்துவிட்டார். ஊரே துடைப்பத்தைத் தூக்கியது. துப்புரவுத் தொழிலாளர்களுக்கு அந்த ஊர்வலத்தில் மரியாதை. 1919ல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் இங்கே நடந்து காட்டிய பாடத்தை, நாம் ஏ.சி. அறையில் ஸ்லைடு போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசி செமஸ்டர், பரீட்சை. மாணவர்கள் போட்ட திட்டத்தைப் பேராசிரியர் திருத்தக் கூடாது. அந்த ஊர்க் கூட்டத்தில் படிக்க வேண்டும். ஒரு மீனவர், ஒரு உலைத் தொழிலாளி, ஒரு நூறு நாள் வேலைக்காரம்மா, முகாமிலிருந்து ஒருவர், பஞ்சாயத்துத் தலைவர், இவர்கள் கேள்வி கேட்டு மார்க் போடட்டும். “இந்த மஞ்சக் கலரு என்னாப்பா? அது எங்க சுடுகாடாச்சே!” என்று ஒரு பாட்டி கேட்டால் பையன் ஃபெயில். அடுத்த வருடம் மறுபடி எழுதட்டும். இப்போது அந்தப் பையன் பாஸாகி ஆபீஸரான பிறகுதான் பாட்டி கேட்கிறாள். அப்போது ஃபெயிலாவது பாட்டி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் வந்து அரை மணி நேரம் பேசும் விருந்தினருக்கு சன்மானம், சால்வை, காபி எல்லாம் உண்டு. ஊர்க்காரர்கள் மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இலவசமாகப் பாடம் நடத்த வேண்டுமா? பாடம் நடத்துகிற மீனவருக்கும் தொழிலாளிக்கும் ஒரு நாள் சம்பளம் கொடுங்கள். 250 கோடியில் குறைந்து போகாது.

நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டால் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் 2027லிருந்து 2046 வரைக்குமானது. இன்று எல்.கே.ஜி. போகும் குழந்தை கல்யாணம் ஆகிக் குடித்தனம் வைக்கும் வரை எது எங்கே வரும் என்பதைச் சொல்லப்போகும் ஆவணம். அந்த இரண்டு மாதம் திட்டமிடல் படிக்கிற அத்தனை மாணவர்களுக்கும் வகுப்பை ரத்து செய்துவிட்டு, ஆளுக்கு ஐந்து கிராமம் என்று பிரித்து, வரைபடத்தைக் கையில் கொடுத்து ரயிலேற்றி அனுப்பட்டும். டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், முகாம் வாசலில், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஆலை கேட்டில் அதை விரித்து வைத்து, “இதுதான் உங்க ஊராம், பாருங்க” என்று சொல்லட்டும். வருகிற ஆட்சேபங்களை அவரவர் மொழியிலேயே எழுதி வாங்கி, எழும்பூரில் சி.எம்.டி.ஏ. கவுன்ட்டரில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வரட்டும். இன்டர்னல் மார்க்கை அந்த ரசீதைப் பார்த்துப் போடலாம்.